நாமே பூட்டிய வானொலி

2025 நவம்பர் மாத இறுதியில் தித்வா புயலோடு வந்த மழையை ஊவாவில் வாழும் எவரும் இலகுவில் மறந்துவிட மாட்டார்கள். பதுளை மாவட்டத்திலும் மலையகத்தின் ஏனைய பகுதிகளிலும் மண்சரிவுகள் ஏற்பட்டன. பாதைகள் மூடுண்டன. மின்சாரம் நின்றது. அது நின்று சில மணித்தியாலங்களில் கைத்தொலைபேசிகளும் ஊமையாகின.

பசறைப் பாதையில் உள்ள தோட்டமொன்றில், நாம் வழமையாகச் சென்றுவரும் லயத்தில், பன்னிரண்டு குடும்பங்களுக்கு அன்றிரவு வெளியுலகச் செய்தியைக் கொண்டுவந்தது ஒரேயொரு பழைய வானொலிப் பெட்டிதான். அதுவும் நள்ளிரவுக்கு முன்னரே நின்றுவிட்டது. பற்றரியில் குறையில்லை. பற்றரியைப் பிடித்திருக்கும் கம்பிச் சுருள் துருப்பிடித்திருந்தது என்பதை ஒரு வாரத்தின் பின்னரே நாம் கண்டோம். அரத்தாளால் இரண்டு தரம் தேய்த்திருந்தால் பெட்டி மீண்டும் பேசியிருக்கும். ஆனால் அதைத் திறந்து பார்க்க அன்றிரவு ஒருவருக்கும் துணிவு வரவில்லை. "கழட்டினா கெட்டுப் போயிரும்" என்பதுதான் எல்லோருடைய பயமும்.

இந்தப் பயத்தைப் பற்றியே இம்முறை வாசகர்களுடன் பேச விரும்புகிறோம்.

சிறு பெட்டியின் பெறுமதி

மலைச்சரிவில் வாழும் மக்களுக்கு நேரத்தோடு கிடைக்கும் செய்தி உயிர் காக்கும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் அறிவோம். அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. இன்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவைக் கொண்டு மண்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக இருக்க வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால், இடத்தை விட்டு வெளியேற வேண்டும். இந்த எச்சரிக்கை எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு, எந்த மட்டத்தில் விடுக்கப்பட்டுள்ளது என்பதை மின்சாரம் இல்லாத இரவில் நாம் எப்படி அறிவது?

இரண்டு சிறிய பற்றரிகளில் ஓடும் வானொலி ஒன்று மெல்லிய சத்தத்தில் ஏறத்தாழ 20 மில்லியம்பியர் மின்னோட்டத்தையே எடுக்கும். நல்ல பற்றரியின் கொள்ளளவு ஏறத்தாழ 2000 மில்லியம்பியர் மணி. ஒன்றை மற்றதால் வகுத்தால் 100 மணித்தியாலம், அதாவது நான்கு நாட்களுக்கு மேல். நாட்டில் 2022 மார்ச் 31 ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட நாட்களிலும் ஓடக்கூடிய பெட்டி இது.

கடையில் ஆயத்தமாக ஒன்றை வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். வாங்கலாம். ஆனால் பழைய பெட்டி நின்ற இரவில் எமக்கு இல்லாமற்போனது அதைத் திறந்து பார்க்கும் துணிவும் பழக்கமும் ஆகும். அவை கடையில் கிடைப்பதில்லை. ஆகவேதான் பாகங்களாக வரும் வானொலிப் பொதிகளை, கடைக்காரர் 'கிட்' என்று சொல்பவற்றை, நாமே பூட்டிப் பார்ப்பதென்று தோட்டத்து இளைஞர் யுவதிகளுடன் சேர்ந்து முடிவு செய்தோம். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போன ஒருவர் ஐந்து பொதிகளை வாங்கிவந்தார். ஒவ்வொரு வீட்டாரும் தத்தமது பொதிக்குரிய பணத்தைக் கொடுத்தனர். தரம் 10 இல் படிக்கும் ஒரு மாணவியின் தாய்க்கு அது ஏறக்குறைய இரண்டு நாட் கொழுந்துச் சம்பளம்.

இலங்கை வானொலியும் இப்படித்தான் பிறந்தது

எமது நாட்டின் வானொலியே பாகங்களைக் கோத்துப் பார்த்த கைகளில் பிறந்ததாகும். 1921 இல் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இலங்கைக்கு வந்த எட்வேட் ஹாப்பர், 1923 இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். முதலாம் உலக யுத்தத்தில் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு, திணைக்களத்துப் பொறியியலாளர்களே அந்த ஒலிபரப்பியைப் பூட்டினார்கள். 1925 டிசெம்பர் 16 ஆம் திகதி கொழும்பில் ஒழுங்கான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. வானொலியில் ஆர்வம் கொண்டவர்களைச் சேர்த்து ஒரு சங்கத்தையும் ஹாப்பர் அமைத்தார். கைப்பற்றப்பட்ட கப்பலின் பாகங்களால் ஒரு நாட்டின் குரலை உண்டாக்க முடிந்ததென்றால், எண்ணிக் கொடுக்கப்பட்ட பாகங்களால் ஒரு சிறு பெட்டியைப் பேசவைக்க எம்மால் முடியாதா?

பொதிக்குள் என்ன இருக்கிறது?

பொதியைத் திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது எண்ணுவதுதான். பழைய தட்டு ஒன்றில் பாகங்களைப் பரப்பி, கூட வந்த தாளோடு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். எமக்குக் கிடைத்த பொதியில் சுற்றுப் பலகை, ஒருங்கிணைந்த சுற்று ஒன்று, தடையிகள், கொள்ளளவிகள், சிறு கம்பிச் சுருள்கள், கறுப்புக் கோலில் சுற்றிய அன்ரனாச் சுருள், ஒலிபெருக்கி, நிலையம் பிடிக்கும் குமிழ், சத்தம் கூட்டும் குமிழ், பற்றரித் தகடுகள், பிளாஸ்ரிக் பெட்டி ஆகியன இருந்தன. பண்பலை, மத்திய அலை ஆகிய இரண்டையும் பிடிக்கக்கூடிய பொதி அது.

தடையியின் பெறுமானத்தை அதன் நிற வளையங்கள் சொல்லும். கபிலம், கறுப்பு, சிவப்பு என்றால் 1000 ஓம். கபிலம், கறுப்பு, செம்மஞ்சள் என்றால் 10,000 ஓம். மங்கிய வெளிச்சத்தில் சிவப்பும் செம்மஞ்சளும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே இந்த வேலையைப் பகலில், இஸ்தோப்பில் இருந்து செய்வதே நல்லது. சிறிய கொள்ளளவியின் மேல் 104 என்று எழுதியிருந்தால் 10 உடன் நான்கு பூச்சியம் சேர்க்க வேண்டும்; அது 100,000 பிக்கோபரட், அதாவது 0.1 மைக்ரோபரட். உருளை வடிவக் கொள்ளளவிகளில் பட்டை போட்ட பக்கம் மறைமுனை. அதை மாற்றிப் பூட்டக் கூடாது. ஒருங்கிணைந்த சுற்றின் ஒரு முனையில் சிறு வெட்டு அல்லது புள்ளி இருக்கும். பலகையில் வரைந்துள்ள வெட்டோடு அது பொருந்த வேண்டும்.

பற்றவைக்கும் முறை

பற்றாசை உருக்கிப் பாகத்தின் மேல் ஊற்றுவதுதான் பற்றவைத்தல் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. சூடான கோலின் நுனியைப் பாகத்தின் காலும் பலகையின் செப்பும் சந்திக்கும் இடத்தில் வைக்க வேண்டும். ஒரு விநாடி கழித்துப் பற்றாசுக் கம்பியை மறுபக்கத்திலிருந்து தொடவிட வேண்டும். பற்றாசு தானாக ஓடிப் பரவும். முதலில் கம்பியை எடுத்து, பின்னர் கோலை எடுக்க வேண்டும். மூன்று விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். நல்ல பற்று மினுமினுப்பாகச் சிறு குன்றுபோல் காலைச் சுற்றி நிற்கும். மங்கலாக உருண்டையாக நின்றால் அது ஒட்டாத பற்று. பெரும்பாலான பழுதுகளுக்கு இதுவே காரணம்.

உயரம் குறைந்த பாகங்களை முதலிலும் உயரமானவற்றைப் பின்னரும் பூட்டினால் பலகை மேசையில் ஆடாது நிற்கும். 25 அல்லது 30 வாற்றுக் கோல் போதுமானது.

இங்கே சில எச்சரிக்கைகள். பற்றாசில் பெரும்பாலும் ஈயம் உண்டு. ஈயம் சிறு பிள்ளைகளுக்குக் கொடிய நஞ்சு. ஆகையால் சாப்பிடும் பலகையில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. முடிந்ததும் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். புகை வெளியேறக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். லயக் காம்பிராக்களில் மின்குமிழ் தாங்கியிலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் எடுக்கும் பழக்கம் இன்னும் உண்டு. அப்படி எடுத்த மின்சாரத்தில் பற்றவைக்கும் கோலைப் பாவிக்க வேண்டாம். இக்கட்டுரையில் சொல்லப்படும் சோதனைகள் யாவும் பற்றரியில் ஓடும் பெட்டிகளுக்கு மட்டுமே உரியன. சுவரில் செருகும் எந்தக் கருவியையும் பயிற்சி இல்லாதவர் திறக்கவே கூடாது.

ஐந்தில் மூன்று பேசவில்லை

ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கிய வேலை மாலை நான்கு மணிக்கு முடிந்தது. பற்றரிகளைப் போட்டோம். ஐந்து பெட்டிகளில் இரண்டே இரண்டுதான் ஒழுங்காகப் பேசின. ஒன்று முற்றிலும் மௌனம். இன்னொன்றில் பற்றரி சுடத் தொடங்கியது. தரம் 10 மாணவியின் பெட்டியில் பண்பலை நன்றாகக் கேட்டது. மத்திய அலைக்கு மாற்றினால் வெறும் இரைச்சல்கூட இல்லை.

அவளுடைய தந்தை வேலி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சல்லி போனது போனதுதான். அரைகுறையாப் பேசுற பொட்டி எதுக்கு? தூக்கிப் போடு புள்ள" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ஒரு பையன் கையில் ஸ்குறூ டிறைவரை எடுத்து, பலகையில் நிறம் பூசிய சிறு பெட்டிகளின் நடுவில் உள்ள திருகுகளைத் திருப்பப் போனான். அவனைத் தடுத்தவர் தேயிலைத் தொழிற்சாலையில் பிற்றராக வேலை செய்யும் ஒருவர். பிள்ளைகள் அவரை மாமா என்று அழைப்பார்கள்.

"தம்பி, அதத் தொடாதீங்க. ஸ்டோர்ல ரோலர் நின்னா நாங்க முழு மெசினையும் கழட்டுறதில்ல. எது ஓடுது, எது ஓடலன்னு பாத்துட்டுத்தான் ஸ்பேனரத் தொடுவோம்" என்றார்.

அவர் வானொலி படித்தவரல்லர். ஆனால் பழுது தேடுவதன் முழு இரகசியமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அந்தத் திருகுகள் தொழிற்சாலையிலேயே ஏறத்தாழச் சரிசெய்யப்பட்டு வருபவை. அவற்றைக் கண்டபடி திருப்பினால், இருந்த ஒரு பழுது இரண்டாகிவிடும்.

பழுது தேடும் ஒழுங்கு

அன்றும் அதைத் தொடர்ந்த நாட்களிலும் நாம் கற்றுக்கொண்ட ஒழுங்கை வாசகர்களுக்காக இங்கே தருகிறோம்.

முதலாவது, கண்ணால் பாருங்கள். பலகையைத் திருப்பி வெயிலில் பிடித்து ஒவ்வொரு பற்றாகப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் பற்றுகள் ஒட்டிக்கொண்டுள்ளனவா? ஏதாவது கால் பற்றாமல் விடப்பட்டுள்ளதா? பற்றரி சுட்ட பெட்டியின் குறை இங்கேயே பிடிபட்டது. ஒருங்கிணைந்த சுற்றின் இரண்டு கால்களுக்கு இடையில் மயிர்போன்ற பற்றாசுக் கோடு ஒன்று குறுஞ்சுற்றை உண்டாக்கியிருந்தது.

இரண்டாவது, பற்றரியை அளவுங்கள். சாதாரண பல்மானி ஒன்று போதும். இரண்டு புதிய பற்றரிகள் சேர்ந்து 3 வோல்ற்று காட்ட வேண்டும். அதே 3 வோல்ற்று பலகையிலும் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். பற்றரியில் இருந்து பலகையில் இல்லையென்றால் தகடு, கம்பி, ஆளி ஆகிய மூன்றில் ஒன்றே குற்றவாளி. முற்றிலும் மௌனமான பெட்டியில் பற்றரித் தகட்டின் கம்பி ஒட்டாத பற்றாக இருந்தது.

மூன்றாவது, மின்னோட்டத்தை அளவுங்கள். பல்மானியைப் பற்றரிக்கும் பலகைக்கும் இடையில் தொடராக இணைத்து, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்க வேண்டும். இருபது மில்லியம்பியருக்கு அண்மையில் நின்றால் நல்லது. நூறைத் தாண்டினால் உடனே பற்றரியைக் கழற்றிவிட்டுக் குறுஞ்சுற்றைத் தேட வேண்டும்.

நான்காவது, ஒலிபெருக்கியைச் சோதியுங்கள். அதன் ஒரு கம்பியைப் பலகையிலிருந்து எடுத்து, ஒரு பற்றரியின் முனைகளை அதன் இரு முனைகளிலும் ஒரு கணம் தொட்டால் 'டக்' என்று கேட்க வேண்டும்.

ஐந்தாவது, ஒலி பெருக்கும் பகுதியைச் சோதியுங்கள். பெட்டி ஓடும்போது சத்தக் குமிழின் நடுக் காலை ஸ்குறூ டிறைவரின் உலோகத்தில் விரல் பட்டவாறு தொட்டால் உறுமலோ கரகரப்போ கேட்க வேண்டும். கேட்டால் அந்த இடத்திலிருந்து ஒலிபெருக்கி வரை எல்லாம் சரி. குறை அதற்கு முன்னால் இருக்கிறது.

ஒவ்வொரு சோதனையும் பெட்டியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்கிறது. ஐந்து தரம் பிரித்தால் மிஞ்சுவது சிறு இடம்தான்.

அந்த மாணவி கண்டுபிடித்தது

இந்த ஒழுங்கைப் பின்பற்றி அந்த மாணவி தானே யோசித்தாள். பண்பலை கேட்கிறது, ஆகவே பற்றரி சரி. ஒலிபெருக்கி சரி. ஒலி பெருக்கும் பகுதியும் சரி. மத்திய அலைக்கு மட்டும் உரிய பாகங்கள் எவை? தாளைப் பார்த்தாள். அப்படிப்பட்டவை சிலவே. அவற்றுள் பெரியது கறுப்புக் கோலில் சுற்றிய அன்ரனாச் சுருள். பற்றரியைக் கழற்றிவிட்டு, பல்மானியை ஓம் அளவில் வைத்து, சுருளின் முனைகள் பற்றவைக்கப்பட்ட இரண்டு இடங்களைத் தொட்டாள். மானியின் இடது ஓரத்தில் '1' மட்டும் நின்றது. தொடர்பு இல்லை என்பதே அதன் பொருள். ஆனால் பற்றுகளோ பார்வைக்கு நன்றாகவே இருந்தன.

குறை வேறெங்கும் இல்லை. அன்ரனாச் சுருளின் கம்பி செப்பு நிறத்தில் இருந்தாலும் அது வெறும் செப்பல்ல. சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளாதிருக்க அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூசப்பட்டிருக்கும். அந்தப் பூச்சை நுனியில் சுரண்டாமல் பற்றவைத்தால் பற்றாசு கம்பியைச் சுற்றி நிற்குமேயொழிய அதனோடு சேராது. அவள் முனைகளைக் கழற்றி, பிளேட்டின் முதுகால் மெதுவாகச் சுரண்டி, முதலில் கம்பிக்குப் பற்றாசு பூசி, பின்னர் பலகையில் பற்றவைத்தாள். மானி இப்போது சில ஓம் காட்டியது.

இருள் விழுந்த பின்னர் பற்றரியைப் போட்டு மெதுவாகக் குமிழைத் திருப்பியபோது, கடல் கடந்த தமிழ்நாட்டு நிலையமொன்று ஏறி இறங்கி ஒலித்தது. அவளுடைய தந்தை ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், அந்தப் புயல் இரவில் நின்றுபோன பழைய பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அதன் கம்பிச் சுருளின் துருவை நாம் கண்டது அப்போதுதான்.

மலையும் ஒரு காரணம்

சில வேளைகளில் பெட்டியில் குறையே இருக்காது. பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்லும். 2036 மீற்றர் உயரமான நமுனுகுல மலையும் அதன் கிளைகளும் நடுவில் நின்றால், ஒரு லயத்தில் தெளிவாகக் கேட்கும் நிலையம் திருப்பத்துக்கு அப்பால் உள்ள லயத்தில் கேட்காது. பழுதென்று பெட்டியைக் கழற்றும் முன்னர் அதை மேட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர் நீளமான கம்பியை அன்ரனாவாக நிமிர்த்திப் பாருங்கள். மத்திய அலை வேறு விதமானது. இரவில் அது மேல் வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் வரும். கறுப்புக் கோலின் நுனி நிலையத்தை நோக்கினால் சத்தம் குறையும். கோலின் பக்கவாட்டு நோக்கினால் கூடும். பெட்டியைத் திருப்பிப் பார்ப்பதும் ஒரு சோதனையே.

முடிவாக

ஐந்து பெட்டிகளும் இன்று பேசுகின்றன. எனினும் எமக்கு மகிழ்ச்சி தந்தது வேறொன்று. முதல் முயற்சியிலேயே பேசிய இரண்டு பெட்டிகளின் சொந்தக்காரர்களுக்கு அவற்றின் உள்ளே என்ன நடக்கிறதென்று இன்னும் தெரியாது. பேசாத மூன்று பெட்டிகளோடு போராடியவர்களுக்குத் தெரியும். லயத்தில் யாருடைய ரோச் லைட் நின்றாலும் இப்போது அவர்களிடம்தான் கொண்டுவருகிறார்கள்.

எமது தோட்டங்களில் இயந்திரங்களை ஓட்டிய அனுபவம் தலைமுறை தலைமுறையாக உண்டு. ஸ்டோரில் ரோலரையும் உலர்த்தும் இயந்திரத்தையும் பழுது பார்த்த கைகள் எமது தந்தையரின் கைகளே. அந்த அறிவு தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடாமல் வீட்டுக்கு வர வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெண் பிள்ளைகளுக்கும் வர வேண்டும். உங்கள் தோட்டத்தில் ஒரு பல்மானி, ஒரு பற்றவைக்கும் கோல், ஒரு குறடு ஆகிய மூன்றையும் பொதுவாக வாங்கி, பிள்ளைகள் படிக்கும் இடத்தில் வையுங்கள். வாரத்தில் ஒரு மாலையை அதற்கென ஒதுக்குங்கள். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரை அங்கு வந்து இருக்கச் சொல்லுங்கள். அவர் கற்பிக்க வேண்டியதில்லை, அருகில் இருந்தாலே போதும்.

அடுத்த மாரி மழை தொடங்கும் முன்னர் உங்கள் வீட்டு வானொலியை ஒரு தரம் திறந்து, பற்றரித் தகடுகளைத் துடைத்து, புதிய பற்றரி இரண்டைப் பக்கத்தில் எடுத்து வையுங்கள். பெட்டி பேசாவிட்டால் தூக்கி எறியாதீர்கள். எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று முதலில் கேளுங்கள்.